நுரை தள்ள வைக்கும் மரம்!

முதலில் ஒரு சின்ன டெஸ்ட்.

உங்கள் பாத்ரூம் ஜன்னலில் எத்தனை ஷாம்பு பாக்கெட் செருகியிருக்கிறது? ஓரத்தைப் பல்லால் கடித்துத் துப்பி, பாதியைப் பிதுக்கி, மீதியை 'நாளைக்கு ஆகும்' என்று மடித்து வைத்தது உட்பட! மேன்ஷன்வாசிகள் பக்கத்து ரூம்காரருடையதையும் சேர்த்து எண்ணிக் கொள்ளலாம். எப்படியும் நேற்று அதில்தானே குளித்தீர்கள்?

எண்ணியாச்சா? சரி, இரண்டாவது கேள்வி. பூந்திக்கொட்டை என்றால் என்ன?

"பூந்தி தெரியும் ஸார், தீபாவளிக்கு எங்கம்மா..." என்று ஆரம்பிக்கிறவர்கள் கையைக் கீழே இறக்கி விடலாம். இது லட்டு பிடிக்கிற சமாசாரம் இல்லை. தெரியாமல் வாயில் போட்டுக் கடித்தீர்களானால், கசப்பு ஒரு பக்கம், நுரை ஒரு பக்கம் என்று வாஷ்பேசினைத் தேடி ஓட வேண்டியதுதான்.

"சீயக்காய்க்குச் சித்தப்பா பையன் மாதிரி ஏதோ ஒண்ணு" என்பவர்கள் ஓரளவு கிட்டே வந்து விட்டார்கள். வேலையில் பங்காளிதான், பிறப்பில் இல்லை. சீயக்காய் முள்ளுக் கொடி, அவரை வம்சம். அரப்பு என்கிறோமே, அது உசிலை மரத்து இலையை இடித்த பொடி. பூந்திக்கொட்டையோ நெடுநெடுவென்று வளர்கிற மரத்துக் காய். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், தோல் சுருங்கி, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். ஊருக்கு ஒரு பேர் வேறு! பூவந்திக்காய், நெய்க்கொட்டான், பொன்னாங்கொட்டை, சோப்புக்காய்... வடக்கே போனால் 'ரீட்டா'. பேரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காராதீர்கள். கொட்டைதான், கொட்டைதான்!

சோப்புக்கே தாத்தா

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், 1753-ல் உலகத்துச் செடி கொடிகளுக்கெல்லாம் வரிசையாகப் பெயர் சூட்டிக்கொண்டே வந்தபோது, இந்த மர இனத்துக்கு வைத்த பெயர் 'சப்பிண்டஸ்'. லத்தீனில் 'சப்போ' என்றால் சோப்பு. 'இண்டிகஸ்' என்றால் இந்திய. இரண்டையும் ஒட்டிப் பாருங்கள். இந்திய சோப்பு! ஐரோப்பியர்கள் நம்மிடம் வந்து எதையெதையோ எடுத்துப் போனார்கள். இதில் மட்டும் பேரிலேயே ரசீது கொடுத்து விட்டுப் போயிருக்கிறார்கள்.

குடும்பமும் லேசுப்பட்டதில்லை. பழக்கடையில் பிகு பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற லிச்சி, உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்த மாதிரி இருக்கும் ரம்புத்தான் எல்லாம் இதன் ஒன்றுவிட்ட தம்பிகள். அட, மூட்டு வலிக்கு அம்மா தோசையில் அரைத்துப் போடுகிற முடக்கத்தான் கீரையும் இதே குடும்பம்தான்! ஒரே வீட்டில் ஒருவன் பழம் விற்கிறான், ஒருவன் வைத்தியம் பார்க்கிறான், ஒருவன் துணி துவைக்கிறான். கூட்டுக் குடும்பம் என்றால் இதுதான்.

ஜப்பானில் இந்த மரத்தின் உறவுக்கார மரம் ஒன்று உண்டு. காய்க்குள்ளே இருக்கிற கறுத்த உருண்டை விதையில் இறகு செருகி, புது வருஷத்துக்குப் பெண் பிள்ளைகள் மட்டையால் தட்டி விளையாடுவது அங்கே பழைய வழக்கம். சீனர்கள் அதே விதையைக் கோத்து ஜெபமாலை செய்தார்கள். அங்கே மரத்துக்குப் பெயர் என்ன தெரியுமோ? 'கவலையில்லா மரம்' என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு பெயர். வீட்டு வாடகை, கிரெடிட் கார்டு பில் எல்லாம் கட்டுகிற நமக்கு, ஆளுக்கொரு மரம் அவசரமாகத் தேவை!

ஏலக்காய் ஊரில் கொட்டை தேடி...

எல்லோரும் ஏலக்காய்க்காகப் போகிற போடிநாயக்கனூருக்கு நான் பூந்திக்கொட்டைக்காகப் போனேன்.

2010 கடைசியோடு மீட்டர் கேஜ் ரயில் நின்று, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தண்டவாளத்தையே பார்த்துக் காத்திருந்து, 2023 ஜூன் 15-ல் அகலப் பாதையில் மறுபடி ரயிலைப் பார்த்த ஊர் போடி. மதுரையைத் தாண்டினால் வழியில் உசிலம்பட்டி வருகிறது. உசிலை மரத்தால் வந்த பேர் என்பார்கள். ஆக, அரப்பு ஊரைத் தாண்டித்தான் பூந்திக்கொட்டை ஊருக்குப் போக வேண்டும். தலைக்குக் குளிக்க ரயில் பாதையே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!

போடி பஜாரில் இறங்கினால் மூக்கு முதலில் ஏலக்காய்க் கடைக்குப் போகும். நாம் பின்னாலேயே போக வேண்டியதுதான். மின்னணு ஏலம், கம்ப்யூட்டர் திரை, கிலோவுக்கு என்ன விலை, எட்டு மில்லி காயா, ஏழு மில்லி காயா... டீக்கடையில்கூட அதே பேச்சு. நடுவில் நான் போய் ஒரு நாட்டு மருந்துக் கடையில், "பூந்திக்கொட்டை இருக்காண்ணே?" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார்.

"நகைப்பட்டறையா?"

"இல்லண்ணே."

"பட்டுச்சேலை துவைக்கவா?"

"இல்லண்ணே."

என் தலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்கு இனிமே இது ஆகாது தம்பி" என்றார்!

பிறகு அவரே மனசு இரங்கி இரண்டு டப்பாவைத் திறந்து காட்டினார். ஒன்றில் கொட்டை பெரிசு, பளபளப்பு. வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து வருகிற ரீட்டா. இன்னொன்றில் சின்னது, சுருங்கினது, பக்கத்தில் யாரையோ பிய்த்து எடுத்த மாதிரி ஒரு தழும்போடு. அது நம்மூர்க் கொட்டை. மூன்று காய் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறக்கும். பிரிக்கும்போது விழுகிற தழும்பு அது. கூடப்பிறந்தவர்களைப் பிரித்த அடையாளத்தைக் கடைசிவரை சுமக்கிற காய்!

"நம்மூர்க் கொட்டை இப்பல்லாம் அத்தி பூத்தாப்புலதான் வரும் தம்பி. வடக்கத்திதான் மூட்டை மூட்டையா வருது. இங்க பொறக்க ஆளில்ல" என்றார். பொறக்க என்றால் பொறுக்க.

கால் கிலோ நாட்டுக்கொட்டை வாங்கினேன். இரண்டு டீ, இரண்டு வடைக் காசுக்குள் முடிந்து போனது. இதையே 'நூறு சதம் இயற்கை' என்று எழுதின காகிதப் பையில், துணிப்பையும் கயிறும் வைத்து, செல்போனில் எவ்வளவுக்கு விற்கிறார்கள் என்று பார்த்து விடாதீர்கள். நுரை தள்ளி விடும்.

நுரை வருவது எப்படி?

கொஞ்சம் விஞ்ஞானம். கொட்டாவி விடாமல் படித்தால் ஒரே பாராவில் முடித்து விடுகிறேன்.

எண்ணெயும் தண்ணீரும் மாமியார் மருமகள். ஒன்றாக ஒட்டாது. இடையில் ஒரு ஆள் வேண்டும். ஒரு கையால் மாமியாரையும் இன்னொரு கையால் மருமகளையும் பிடித்துக்கொள்கிற பாவப்பட்ட பிள்ளை! பூந்திக்கொட்டைத் தோலில் இருக்கிற 'சபோனின்' என்ற பொருள்தான் அந்தப் பிள்ளை. அதன் ஒரு முனை தண்ணீரோடு சேரும். மறுமுனை எண்ணெயோடு சேரும். அழுக்கோடு எண்ணெயைப் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு வந்து விடும். நடுவில் கலக்கினால் காற்று புகுந்து நுரை.

சோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். சோப்பு காரத்தன்மை கொண்டது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் லேசான அமிலத்தன்மை. பட்டும் கம்பளியும் நம் தலைமுடியும் மூன்றுமே புரதம். காரம் பட்டால் புரதத்துக்கு ஆகாது. அதனால்தான் அந்தக் காலத்து அம்மாக்கள், பருத்தி வேட்டிக்குச் சவுக்காரமும் கல்யாணப் பட்டுக்குப் பூந்திக்கொட்டையுமாகப் பிரித்து வைத்தார்கள். அமிலம், காரம் என்று எந்தப் புத்தகத்திலும் படிக்காமலே! காஷ்மீரத்துப் பஷ்மினா சால்வைக்கும் ரீட்டா தண்ணீர்தான். தங்க நகையின் இண்டு இடுக்கில் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்குக்குப் பட்டறைக்காரர்கள் இன்றைக்கும் இதைத்தான் ஊற வைக்கிறார்கள்.

அந்த நாளில் ஏலக்காய்க்கும் எண்ணெய்க் குளியல்!

போடியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் ஏலக்காய் கோபித்துக்கொள்ளும்.

இப்போது ஏலக்காய் என்றால் பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும். பச்சை குறைந்தால் விலை குறையும். ஒரு காலத்தில் கதை தலைகீழ். வெள்ளைவெளேர் என்று வெளுத்த ஏலக்காய்க்குத்தான் பல இடங்களில் மவுசு. கர்நாடகத்தில் ஹாவேரி என்று ஓர் ஊர். ஏலக்காய் மாலைக்குப் பேர் போனது. மலையிலிருந்து அங்கே வந்த காய்ந்த ஏலக்காயைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்து அலசி, வெயிலில் காயப்போட்டு வெளுக்க வைத்து விற்றார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குத் தயார் பண்ணுகிற மாதிரி, ஏலக்காய்க்குத் தலை தேய்த்துக் குளிப்பாட்டி!

மலைக்கு மேலே விளைகிறது அந்தக் காய். மலைக்குக் கீழே விளைகிறது இந்தக் காய். மேலே இருக்கிறவர் அழகாக வேண்டுமென்றால் கீழே இருக்கிறவர் கரைய வேண்டியிருக்கிறது. ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பத்தாவின் பென்ஷன்

போடியிலிருந்து மூணாறு போகிற சாலையில் மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற ஊர் முந்தல். அதற்கு மேலே பதினேழு கொண்டை ஊசி வளைவு. சுமார் 4,500 அடி உயரத்தில் போடிமெட்டு. அந்தப் பக்கம் கேரளம், ஏலத்தோட்டம். பொழுது விடிகிற நேரத்தில் அந்தச் சாலையோரம் நின்று பாருங்கள். ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலை ஏறுவார்கள். முழங்கால் முழங்காலோடு இடிக்க, மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு, ஒரு வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணி முடிப்பதற்குள் வளைவு திரும்பி விடும். சாயங்காலம் அதே ஜீப், அதே வளைவு, அதே பெண்கள்.

அப்படி முப்பது வருஷம் ஏறி இறங்கின ஒரு அப்பத்தாவை மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு ஓரத்தில் பார்த்தேன். கடைக்காரர்தான் வழி சொல்லி அனுப்பினார். பங்குனி வெயில். தோப்பு மூலையில் ஒற்றைப் பூந்திக்கொட்டை மரம். அடியில் சாக்கை விரித்து, உதிர்ந்த காய்களைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலக்காய் எங்க காய்க்கும் தெரியுமா தம்பி ஒனக்கு?" என்று என்னைத்தான் முதலில் பேட்டி எடுத்தார்.

"செடியில..."

"செடியில எங்க?"

முழித்தேன்.

"அடியில! தூருக்கிட்ட தரையோட தரையா சரம் விட்டுக் கெடக்கும். நின்னுக்கிட்டு எடுக்க முடியாது. குத்த வச்சு, குத்த வச்சுத்தேன் எடுக்கணும். முப்பது வருசம் குத்த வச்சேன். இப்ப இந்த முட்டி ரெண்டும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. ஜீப்புல கால் தூக்கி வைக்க முடியல. இனிமே வராத ஆத்தான்னுட்டாக."

அதற்கப்புறம் இந்த மரம். தோப்புக்காரர் மாங்காய்க்குத்தான் காவல் போட்டிருக்கிறார். இந்தக் காயை யாரும் சீந்துவதில்லை. அதனால், "நீ வேணும்னா பொறக்கிக்க" என்று விட்டு விட்டார். மாசி, பங்குனி இரண்டு மாசம். காயைக் கூட்டி, வெயிலில் காயப்போட்டு, கொட்டையைத் தட்டி எடுத்து விட்டுத் தோலைக் கடைக்கு எடை போடுகிறார்.

"எவ்வளவு வரும் அப்பத்தா?"

"வெத்தல பாக்குக்கு ஆகும். கண்ணு மருந்துக்கு ஆகும். பேரன் வந்தா கையில ஒரு நோட்டு வைக்கலாம். கவர்மெண்டு குடுக்குற பென்சன் ஒண்ணு, இந்த மரம் குடுக்குற பென்சன் ஒண்ணு" என்று சிரித்தார்.

சிரித்து முடித்து விட்டு அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். "அடுத்த வருசம் இருக்காது போலருக்கு தம்பி. தோப்பை ப்ளாட்டு போடப் போறாகளாம். கல்லு நட்டுட்டுப் போயிருக்காக பாரு."

பார்த்தேன். மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஒன்று மரத்தடியிலேயே நின்றது.

இந்த மரத்தை யாரும் கோபத்தில் வெட்டுவதில்லை. இலவம் பஞ்சுக்கு விலை உண்டு, மாவுக்கு விலை உண்டு, தென்னைக்கு விலை உண்டு. பூந்திக்கொட்டைக்கு? விதை போட்டால் காய்க்க எட்டிலிருந்து பத்து வருஷம் ஆகும். அதுவரை யார் காத்திருப்பது? அதனால் நடுகிறவர் இல்லை. நடாததால் பொறுக்குகிறவர் இல்லை. பொறுக்காததால் கடையில் இல்லை. கடையில் இல்லாததால் நமக்குத் தெரியாது. தெரியாததால் வெட்டும்போது யாரும் 'அய்யோ' என்பதில்லை. ஒரு மரம் இப்படித்தான் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

காட்டுக்குள் இருப்பதற்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. பழங்குடி மக்கள் சிறு வன விளைபொருட்களைச் சேகரித்து விற்பதை 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களின் உரிமையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆதரவு விலைப் பட்டியலிலும் பூந்திக்கொட்டை இருக்கிறது. ஆனால் தோப்பு மூலையில், கண்மாய்க் கரையில், கோயில் காட்டில் ஒற்றை மரமாக நிற்பதற்கு எந்தப் பட்டியலும் கிடையாது.

பாக்கெட் செய்த புரட்சி

'எல்லாத்துக்கும் காரணம் இந்த ஷாம்பு கம்பெனிக்காரன்தான்' என்று பொங்கி எழுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

பாட்டிலில் பணக்காரர் வீட்டு பாத்ரூமில் மட்டும் இருந்த ஷாம்புவை, சின்னப் பாக்கெட்டில் அடைத்துப் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்க விட்டது நம் கடலூர்க்காரர்கள். சின்னிகிருஷ்ணன் அதற்கு வழி போட்டார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியாகத் தொழில் ஆரம்பித்து 'சிக்' ஷாம்புவைக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார். கூலி வேலைக்குப் போகிற பெண்ணும் சில்லறைக் காசுக்குத் தலை குளிக்க முடிந்தது. அது சாதாரண விஷயமா? விடியற்காலம் ஜீப் பிடிக்க ஓடுகிறவருக்கு, ராத்திரியே கொட்டை ஊற வைத்து, காலையில் கசக்கி, வடிகட்டி... நடக்கிற காரியமா? பாக்கெட் ஜெயித்ததற்குக் காரணம் நேரம்.

அதுவும் போக, 'ஷாம்பு' என்கிற சொல்லே நம் ஊர்ச் சரக்குதான். இந்தியில் 'சாம்போ' என்றால் பிடித்து விடு, அமுக்கு என்று அர்த்தம். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, 1814-ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் வைத்து வெள்ளைக்காரர்களை 'ஷாம்பு' பண்ணினார். அப்போது அது உடம்பு பிடித்து விடுவது. ராஜா வீட்டு உடம்புகளே அவர் கைக்கு வந்தன! அப்புறம்தான் அந்த வார்த்தை தலைக்கு ஏறியது. ஆக, சொல்லும் நம்முடையது, கொட்டையும் நம்முடையது. காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம், அவ்வளவுதான்.

'இயற்கை' என்றால் பரம சாதுவா?

பூந்திக்கொட்டையை ரொம்பவும் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்கிறவர்களுக்காக, அதன் வில்லத்தனமும் சொல்லி விடுகிறேன்.

இது மீனுக்கு எமன். சபோனின் தண்ணீரில் கலந்தால் மீனின் செவுள் கெட்டு, மூச்சு முட்டி மிதக்கும். உலகத்தில் இந்த மரம் இருக்கிற பல நாடுகளில், காயை நசுக்கிக் குட்டையில் போட்டு மீன் பிடிக்கிற வித்தையும் இருந்திருக்கிறது. தண்ணீரில் விஷம் கலந்து மீன் பிடிப்பது இந்தியாவில் 1897-ம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். ஆகவே கொட்டகுடி ஆற்றுக்கு டூர் போய், 'நாங்க இயற்கை ஷாம்புதான் சார் போடறோம்' என்று ஓடையில் இறங்கித் தலை தேய்க்காதீர்கள். மீன்களுக்கு ஆர்கானிக், கெமிக்கல் என்று வித்தியாசம் தெரியாது. குளியலறைத் தண்ணீரை மண்ணில் விடுங்கள். நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து விடும்.

கண்ணில் பட்டால் எரிச்சல் உயிர் போகும். உள்ளுக்குச் சாப்பிடுகிற வேலையே கூடாது. வைத்தியத்தில் இதற்கு இடம் உண்டுதான். அதை வைத்தியர் செய்வார். நாம் செய்யக் கூடாது.

கல்யாணமான வாசகர்கள் மட்டும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். சபோனின் விந்தணுவையும் விட்டு வைப்பதில்லை. லக்னோவில் இருக்கிற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் வடக்கத்தி ரீட்டாவின் சபோனினை வைத்துக் கருத்தடை க்ரீமே தயாரித்தது. அழுக்கை மட்டுமில்லை, ஜனத்தொகையையும் குறைக்கப் பார்த்த காய்! வீட்டில் பரிசோதனை வேண்டாம். அது லேபில் அளந்து சுத்திகரித்தது. நீங்கள் வாங்கினது கால் கிலோ கொட்டை.

இன்னொன்று. சட்டைக் காலரில் ஒரு வாரமாக ஏறின அழுக்கு, பைக் செயின் கிரீஸ், சாம்பார் கறை, இவற்றுக்கு முன்னால் பூந்திக்கொட்டை கையைக் கட்டிக்கொண்டு நின்று விடும். வெள்ளைச் சட்டைக்கு லேசாகப் பழுப்பும் ஏற்றும். பட்டு, கம்பளி, நகை, தலைமுடி, இந்த நாலும்தான் அதன் ராஜ்ஜியம்.

செய்து பார்க்க...

ஒரு தலைக்கு ஆறேழு கொட்டை போதும். உடைத்து உள்ளே இருக்கிற கறுப்பு விதையை எடுத்து விடுங்கள். விதையில் நுரை வராது. தோலை மட்டும் ஒரு டம்ளர் வெந்நீரில் ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் நன்றாகக் கசக்கி, மெல்லிய துணியில் வடிகட்டினால் தேன் நிறத்தில் ஒரு தண்ணீர். கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையில் ஊற்றித் தேய்த்து, தாராளமாக அலசுங்கள். விளம்பரத்தில் வருகிற மாதிரி மேகம் மேகமாக நுரை வராது. வர வேண்டியதும் இல்லை. நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் அதிகமில்லை; அது நம் மனத் திருப்திக்கு! தயாரித்த தண்ணீரை இரண்டு நாளைக்கு மேல் வைத்திருந்தால் புளித்து நாறும். மேன்ஷனில் அதற்குமேல் வைத்தால் பக்கத்து ரூம்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

பட்டுச் சேலைக்கும் இதே தண்ணீர்தான். பச்சைத் தண்ணீரில் கலந்து, முறுக்காமல் பிழியாமல் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். புதுப் பெண்டாட்டியின் கல்யாணச் சேலையில் உங்கள் திறமையைச் சோதிக்காதீர்கள். முந்தானை ஓரத்தில் சாயம் போகிறதா என்று ஒரு துளி வைத்துப் பார்த்து விட்டு இறங்குவது உத்தமம். குடும்பம் முக்கியம்.

வாங்குவதாக இருந்தால் நாட்டு மருந்துக் கடையில் 'நம்மூர்க் கொட்டை' என்று கேட்டு வாங்குங்கள். இல்லை என்பார். பரவாயில்லை, அடுத்த மாசமும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் தேடுவார். கடைக்காரர் தேடினால் மலையடிவாரத்தில் யாரோ ஒருவர் சாக்கை விரிப்பார்.

விதை

கிளம்பும்போது அப்பத்தா முந்தானையில் முடிந்து வைத்திருந்த கறுப்பு விதைகளைக் காட்டினார். கோலிக்குண்டு மாதிரி மினுமினுப்பு. தோலைக் கடைக்குப் போடுகிறார். விதையைத் தூக்கி எறிவதில்லை. நடக்கிற வழியில் ஓடைக்கரை, வரப்போரம், வேலி மூலை எங்கே ஈரம் தெரிந்தாலும் குச்சியால் ஒரு குழி பறித்து ஒன்றைப் போட்டு மிதித்து விட்டுப் போகிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுக் கேட்டேன். "காய்க்க எட்டு, பத்து வருசம் ஆகுமே அப்பத்தா?"

"ஆகட்டுமே."

"நீங்க எப்ப பொறுக்குறது?"

என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"எனக்கா நடுறேன்? காலையில ஜீப்புல போறாள்க பாரு, அதுல எவளுக்காச்சும் நாளப் பின்ன முட்டி போகும்ல. அன்னைக்கு அவ கீழ வந்து உக்கார ஒரு நெழலு வேணாமா?"

அப்பத்தாவிடமிருந்து கைப்பிடி விதை வாங்கி வந்திருக்கிறேன். ஓடு கெட்டி. ஒரு பக்கம் லேசாக உரசி, ஒரு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து ஊன்றினால் முளைக்கும். முளைக்க மாசக்கணக்கில்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை தொட்டியைத் தோண்டித் தோண்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். வறட்சி தாங்கும். ஆடு மாட்டிடமிருந்து முதல் இரண்டு மூன்று வருஷம் காப்பாற்றினால் அப்புறம் உங்களை எதிர்பார்க்காது.

கடையில் கொட்டை வாங்கினால் உங்களுக்கும் விதை உள்ளேயே இருக்கிறது. குப்பைக்கூடைக்குப் போகிற அதே விதைதான். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது பாக்கெட்டில் நாலு போட்டுக்கொண்டு போங்கள். கண்மாய்க் கரையில் ஒன்று, கோயில் மூலையில் ஒன்று.

பத்து வருஷம் கழித்து உங்கள் தலையில் முடி இருக்குமா என்று நான் உத்தரவாதம் தர முடியாது. மரத்தில் காய் இருக்கும்.